கடலை வாசிக்கப் பழகுவோம்



பொத்துவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதம் கைக்குக் கிடைத்தது. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

"அக்கா, எனக்கு ஒரே மகள். வயது 16. அறுகம் குடாவில் ஊர்ப் பெண்பிள்ளைகள் சிலர் பலகையில் அலையிலே சறுக்கப் பழகுகிறார்கள். இவளும் போகக் கேட்டு நாண்டுகொண்டு நிற்கிறாள். சுனாமியில் அம்மாவையும் தங்கச்சியையும் கடலுக்குக் கொடுத்தவள் நான். 20 வருசத்துக்கு மேலாகியும் முழங்கால் தண்ணிக்கு அங்கால் இறங்கினதில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று சொந்தக்காரர் ஏசுகிறார்கள். இல்லை என்று சொன்னால் பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை. ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நான் என்ன செய்ய?"

தங்கச்சி, ஓம் என்றோ இல்லை என்றோ நான் இங்கிருந்து சொல்வது முறையல்ல. முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் அந்த முடிவைப் பயம் எடுக்கக்கூடாது, ஊர்வாயும் எடுக்கக்கூடாது. அறிவு எடுக்க வேண்டும். அந்தக் கடல் எப்படிப்பட்டது, அந்தக் கரை யாருடையது, அங்கே போவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, கரையோரத்தில் வாழும் எல்லாச் சகோதரிகளுக்கும் உதவும்.

பயம் எங்கிருந்து வந்தது

நான் மட்டக்களப்புக் கரையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் ஏழு எட்டு வயதிலேயே நீந்தப் பழகிவிட்டார்கள். பெண்பிள்ளைகளான நாங்கள் கரையில் இருந்து அவர்களுடைய உடுப்புக்குக் காவல் இருந்தோம். இதை யாரும் அநியாயமாக நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது. கடற்கரை தடைசெய்யப்பட்ட இடமாகியது. மீன்பிடிக்குப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, முட்கம்பி என்று கடலுக்கும் எங்களுக்கும் இடையில் வேலி விழுந்தது. வடக்கில் 2009 இல் கடற்கரை மணலில் நம் சகோதரிகள் பட்டதை நான் இங்கே எழுதிக் காட்டத் தேவையில்லை. மணலையும் அலையையும் கண்டால் உடம்பு நடுங்குகிற எத்தனையோ பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி நம் நாட்டில் 30,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்பதைப் பல ஊர்களில் கண்டோம். காரணம் தலைவிதி அல்ல. பெண்களுக்கு நீந்தத் தெரியவில்லை, மரத்தில் ஏறிப் பழக்கமில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. சேலையும் பாவாடையும் காலைச் சுற்றின, அவிழ்ந்த கூந்தல் முட்கம்பியிலும் மரக்கிளையிலும் சிக்கியது. இவற்றில் பெரும்பாலானவை நாம் மாற்றக்கூடியவை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சறுக்கும் அலையும் சுனாமி அலையும் ஒன்றல்ல. சறுக்கும் அலை காற்றினால் உண்டாவது. தெற்கே வெகுதூரத்தில், இந்து சமுத்திரத்தின் அடிப்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் பத்துப் பதினைந்து விநாடிகளே இருக்கும். சுனாமியோ கடலுக்கடியில் நிலம் அதிர்ந்து அசைவதால் வருவது. அதில் அலைக்கும் அலைக்கும் இடையில் பல நிமிடங்கள், சிலவேளை ஒரு மணித்தியாலம்கூடச் செல்லும். ஒன்று பெருத்து மற்றதாக மாறுவதில்லை. ஆனால் கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினால், அல்லது நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். இதை உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

முனை அலையும் மணற்கரை அலையும்

அறுகம் குடா என்றதும் எல்லாம் ஒரே கடல் என்று நினைக்கிறோம். பலகைக்காரருக்கு அது அப்படியல்ல. அவர்கள் முதலில் கேட்பது, அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

குடாவின் பிரதான முனையில் அடியில் பாறையும் பவளப் பாறையும் உள்ளன. அலை எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உடைந்து நீண்ட தூரம் ஓடும். உலகெங்கும் இருந்து ஆட்கள் வருவது அதற்காகத்தான். ஆனால் விழுந்தால் பாறையில் விழ வேண்டும். அது பழகியவர்களின் இடம், புதியவர்களுக்கு உரியதல்ல.

மணற்கரை அலை வேறு. அங்கே அடியில் மணல் மட்டும். பாணமை வீதிப் பக்கம் வெளிநாட்டவர் 'பீநட் பாம்' என்று அழைக்கும் கச்சான் தோட்டக் கரையிலும், யானைப்பாறைக் கரையிலும், வடக்கே பொத்துவில் முனைப் பக்கத்திலும் மணல் அடியுள்ள இடங்கள் இருக்கின்றன. தெற்கில் மாத்தறை மாவட்டத்தின் வெலிகமக் குடாவும் இப்படி அகன்ற மணற்கரைதான். நாட்டில் அலைச்சறுக்கல் பழகத் தொடங்கும் பலர் முதலில் இறங்குவது அங்கேயே.

மணல் அடி என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. ஓர் அலை தன் உயரத்தைவிடச் சற்றுக் கூடிய ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. ஒரு மீற்றர் உயரமான அலை ஏறக்குறைய 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும். அதாவது உங்கள் நெஞ்சளவு தண்ணீரில். கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கடியில் மணல் மேடு இருந்தால் அலை அங்கே உடைந்து, வெண்ணுரையாகி, மெல்ல மெல்லக் கரைக்கு வரும். பழகும் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. மணல் மேடு இல்லாமல் கரை செங்குத்தாக இறங்கினால் அலை நேரே கரையடியில் வந்து அறையும். அப்படி அறையும் அலை சிறிதாக இருந்தாலும் ஆளைத் தலைகீழாகக் குத்திவிடும். கழுத்திலும் முதுகெலும்பிலும் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். அலை கரையடியில் 'தொம்' என்று விழும் சத்தம் கேட்டால் அன்றைக்கு அங்கே இறங்க வேண்டாம்.

முக்கியமான விடயம், மணல் மேடு ஓரிடத்தில் நிற்பதில்லை. அமைதியான அலை மணலைக் கரைக்குக் கொண்டுவரும், கொந்தளிப்பான அலை மணலை அள்ளி வெளியே கொண்டுபோகும். மாரியில் முகத்துவாரம் வெட்டி ஓடினால் எல்லாமே மாறிவிடும். ஆகவே போன வருடம் நல்ல இடம் என்றது இந்த வருடம் நல்ல இடமாக இருக்கும் என்பதில்லை. போன கிழமைகூடச் சாட்சியல்ல.

இதை நம் கரைவலைக்காரர் பரம்பரையாக அறிவார்கள். கல்லும் முருகையும் இல்லாத சுத்தமான மணல் அடியில்தான் வலையை இழுக்கலாம். அவர்களின் பாடு எதுவோ அதுதான் பலகைக்காரர் தேடும் மணலும். எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் நீர் இழுக்கிறது என்று கேட்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. வாடியில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டால் போதும். அதேபோல வலை போட்டிருக்கும் நேரத்தில் கம்பாக் கயிற்றுக்கு அருகில் பிள்ளைகள் போகவே கூடாது. அது அவர்களின் தொழில், அவர்களின் சோறு. வலை கரைக்கு ஏறும்வரை பொறுத்திருப்பதுதான் மரியாதையும் பாதுகாப்பும்.

காற்றும் பருவமும்

கிழக்கில் அலைச்சறுக்கல் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. அந்த மாதங்களில் தெற்கிலிருந்து அலை வருகிறது. கச்சான் காற்றோ தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இந்த எதிர்க்காற்று அலையின் முகத்தைத் தடவி விட்டதுபோல மழமழப்பாக்கும். அதனால்தான் விடியற்காலையில் கடல் அவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறது. வெயில் ஏறியபின் கடற்காற்று திரும்பி வீசத் தொடங்கினால் அலை குழம்பிவிடும். பழகுபவர்கள் காலையில் போவது இதற்காகவே.

ஆனால் இந்தத் தரைக்காற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. காற்றடைத்த ரியூப், பிளாஸ்ரிக் மெத்தை போன்றவற்றில் சிறுபிள்ளைகளை மிதக்கவிட்டால் அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். கடல் அமைதியாக இருக்கிறது என்று தாய்மார் ஏமாறும் இடம் இது.

நவம்பரில் வாடைக்காற்றுடன் எல்லாம் தலைகீழாகும். கிழக்குக் கடல் கலங்கி, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அப்போது தெற்குக் கரை அமைதியாகி, வெலிகமப் பக்கம் பருவம் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கும். பயிற்சி கொடுப்பவர்கள் பலர் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று மாறுவதன் காரணம் இதுதான்.

நம் நாட்டில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. ஆனாலும் தட்டையான மணல் மேட்டில் ஓர் அடித் தண்ணீர் குறைந்தாலே அலை உடையும் இடம் மாறும். பிள்ளை காலை ஆறு மணிக்கு நின்ற இடம் ஒன்பது மணிக்கு வேறு இடமாகியிருக்கும்.

இறங்கமுன் கால் மணித்தியாலம்

எந்தக் கரையானாலும் இறங்கமுன் ஒரு கால் மணித்தியாலம் மேட்டில் நின்று பார்ப்பது நல்ல பழக்கம். அலைகள் கூட்டமாக வரும். சில நிமிடங்கள் சிறிய அலைகள், பிறகு தொடர்ந்து மூன்று நான்கு பெரியவை. வந்தவுடன் பார்த்துவிட்டு, 'இன்றைக்குக் கடல் சின்னது' என்று இறங்குபவர்களே அந்தப் பெரிய கூட்டத்தில் அகப்படுகிறார்கள்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது இழுவை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் மேட்டில் எங்கே ஒரு பள்ளம் இருக்கிறதோ அந்த வழியால் ஆறுபோலக் கடலுக்குள் ஓடும். இரண்டு பக்கமும் வெண்ணுரை எழ, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருமையாக, அமைதியாக இருக்கும் ஓர் ஒழுங்கை தெரிந்தால் அதுதான் இழுவை. நுரையும் சருகும் கலங்கல் மணலும் வெளிப்பக்கம் போவதும் அதன் அடையாளம். பாவம், நீந்தத் தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இழுவையில் அகப்பட்டால் என்ன செய்வது? இதை வெட்டி வைத்து வீட்டில் எல்லோரும் வாசியுங்கள்.

1. இழுவை ஆளை வெளியே கொண்டுபோகும். அடியில் இழுத்து அமுக்காது. ஆகவே முதலில் மிதந்துகொள்ளுங்கள்.

2. கரையை நோக்கி நேரே நீந்தாதீர்கள். நல்ல நீச்சற்காரரும் அதை வெல்ல மாட்டார். களைப்புத்தான் ஆளைக் கொல்கிறது.

3. ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிடுங்கள். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக, நுரை தெரியும் பக்கத்துக்கு நகருங்கள். அங்கிருந்து அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

4. பலகை இருந்தால் அதை விடவே கூடாது. காலில் கட்டிய கயிற்றையும் கழற்றக்கூடாது. பலகைதான் உங்கள் தோணி.

5. கரையில் நிற்பவர் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன வீடுகள் நம்மிடையே உண்டு. மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்ரிக் கலன், கயிறு, பலகை என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

6. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சையும் அமுக்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ள ஒரு முதலுதவி வகுப்பை உங்கள் மாதர் சங்கத்தில் ஒழுங்கு செய்யுங்கள்.

உயிர்காப்பாளர் கடமையில் இருக்கும் கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நடப்பட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் குளிக்கலாம். தனிச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக்கூடாது.

பொத்துவில் கரையில் கடல் மட்டும் ஆபத்தல்ல. களப்பு ஓரங்களில் முதலை உண்டு. 2017 செப்டெம்பரில் யானைப்பாறைக்கு அருகே களப்போரம் சென்ற வெளிநாட்டு இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றது. கடலில் குளித்த உப்பைக் களப்பில் கழுவும் பழக்கம் வேண்டாம். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் பாணமை வீதியில் யானை கடக்கும். பிள்ளைகள் கூட்டமாகவும் வெளிச்சம் வந்த பிறகும் போவது நல்லது.

கரை யாருடையது?

கடலை வாசிக்கத் தெரிந்தாலும் கடலுக்குப் போக வழி வேண்டுமே. சுற்றுலா வளர வளர கரையோரக் காணியின் விலை ஏறியது. விடுதிகள் எழுந்தன, மதில்கள் எழுந்தன. முன்பு தோணிக்கும் வலைக்கும் போன ஒழுங்கைகள் பல இடங்களில் ஒடுங்கிவிட்டன. என் ஊர்ப் பக்கத்திலும் சிறுவயதில் நாங்கள் நடந்த ஒரு வழி இன்றைக்கு ஒரு விடுதியின் பின்கதவு. சுற்றிப் போக வேண்டும். வெளிநாட்டவர் நேரே போகிறார், மீன் விற்கும் பெண் கூடையுடன் சுற்றிப் போகிறாள்.

சகோதரிகளே, அலை வந்து போகும் மணல் எந்த விடுதிக்கும் சொந்தமல்ல. அது அரச நிலம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதி கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதிப்பத்திரம் தேவை. உங்கள் வழி மறிக்கப்பட்டால் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். பழைய வழியைப் பயன்படுத்தியவர்களின் பெயர்களைச் சேர்த்து, சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதியின் பிரதியைக் கேட்கலாம். கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும்.

இது சின்ன விடயமல்ல. அறுகம் குடாவுக்குத் தெற்கே பாணமையில் 2010 யூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டு அவர்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவெடுத்தவுடன் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் கூட்டம், ஊர்வலம், வழக்கு என்று அலைய வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்களில் பெண்கள் பலர். கேப்பாப்புலவில் 2017 இல் தெருவோரம் இரவு பகலாக இருந்த நம் சகோதரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மொழி வேறு, வலி ஒன்றுதான்.

வழி என்பது மண் வழி மட்டுமல்ல. மதில் இல்லாத கரையிலும் ஒரு பெண்பிள்ளை இறங்க முடியாதபடி கண்கள் மறிக்கும். என்ன உடுப்பு, யாரோடு போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று ஆயிரம் கேள்வி. உடுப்பைப் பொறுத்தவரை நீண்ட கையுள்ள, உடம்போடு ஒட்டிய மேற்சட்டையும் கணுக்கால் வரையான இறுக்கமான காற்சட்டையும் போதும். வெயிலும் சுடாது, பலகை உராய்ந்து புண்ணும் வராது. உடம்பை மூடுவதும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. சேலை, நீளப்பாவாடை, தளர்ந்த அபாயா என்பவற்றுடன் மட்டும் ஆழத்தில் இறங்க வேண்டாம். நனைந்தால் அவை காலைக் கட்டிவிடும். கூந்தலை இறுக்கிக் கொண்டை போடுங்கள்.

பிழைப்புக்கு என்ன?

2018 இல் அறுகம் குடாவில் ஊர்ப் பெண்களே சேர்ந்து ஓர் அலைச்சறுக்கல் கழகத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் பெண்களுக்கென்று அமைந்த முதலாவது கழகம் அது. அவர்களில் பலர் பிள்ளை பெற்ற தாய்மார். அவர்களும் உங்கள் சொந்தக்காரர் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் வந்தவர்கள்.

2021 யூலையில் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. போட்டி நடந்தது யப்பானின் சிபா மாநிலத்தில் உள்ள சுரிகசாக்கி கடற்கரையில். அதுவும் மணற்கரை அலைதான். பெண்களுக்கான முதலாவது தங்கத்தை ஹவாயைச் சேர்ந்த கரிசா மூர் வென்றார். இதை எழுதுவது உங்கள் மகள் பதக்கம் வெல்வாள் என்று ஆசை காட்ட அல்ல. 'பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு' என்று கேட்பவருக்கு ஒரு பதில் கையில் இருக்கட்டும் என்பதற்காக.

பயிற்சி கொடுப்பது ஒரு தொழில். வெளிநாட்டிலிருந்து தனியாக வரும் பெண்கள் பலர் பெண் பயிற்சியாளரையே விரும்புகிறார்கள். பலகை வாடகை, அறை வாடகை, சோற்றுப் பார்சல், உடுப்புத் தையல் என்று கரையைச் சுற்றிப் பெண்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. அறை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் மட்டும் நமக்கு, காசு எண்ணுவது மற்றவருக்கு என்ற நிலை மாற வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரு பருவத்தை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு, 2024 ஒக்டோபரில் அறுகம் குடாவுக்கென்றே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் வெளிநாட்டவர் போய்விட்டார்கள், கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்காரர் போகவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பழைய பலகையை வாங்கித் தொடங்குங்கள். வருகிற காசில் ஒரு பங்கை மாரி மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். கோழி, தையல், சிறுதோட்டம் என்று கையில் இருக்கும் தொழிலை விட்டுவிட வேண்டாம்.

மகளை அனுப்ப நினைத்தால்

தங்கச்சி, அனுப்புவது என்று முடிவெடுத்தால் இவற்றைச் செய்யுங்கள். முதலில் பிள்ளை மிதக்கவும் நீந்தவும் பழகட்டும். பலகை அதற்குப் பிறகுதான். பெண் பயிற்சியாளர் இருக்கும் குழுவோடு சேர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் இடுப்பளவு தண்ணீரில், வெண்ணுரையில், மென்மையான பலகையில் மட்டும் பழகட்டும். முனைப் பக்கம் வேண்டாம். யாரும் தேவையில்லாமல் தொட்டால், தொல்லை கொடுத்தால், அங்கேயே சத்தமிட்டுச் சொல்லலாம் என்பதை வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள். 'உன்னைத்தான் ஏசுவேன்' என்ற பயம் அவளுக்கு இருக்கக்கூடாது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938 ஐ அவள் மனப்பாடம் செய்யட்டும். சோதனை வருடத்தில் படிப்புக்கு இடைஞ்சல் வராதபடி கிழமையில் எத்தனை நாள் என்று இருவரும் பேசித் தீர்மானியுங்கள்.

நீங்களும் ஒருநாள் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டும் என்றில்லை. மேட்டில் இருந்து அந்தக் கால் மணித்தியாலத்தை நீங்கள் பாருங்கள். எந்த இடத்தில் அலை உடைகிறது, எங்கே இழுவை ஓடுகிறது, பெரிய கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கவனியுங்கள். கடலை வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் கரையில் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் பெரிய காவல். அங்கே இருக்கும்போது அம்மாவின் நினைவும் தங்கச்சியின் நினைவும் வரும், அழுகையும் வரும். அழுங்கள். அது தாங்க முடியாமல் மூச்சடைத்தால், இரவில் நித்திரை கெட்டால், ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. கூச்சப்படாமல் போங்கள். காய்ச்சலுக்குப் போவதுபோல்தான் இதுவும்.

இல்லை என்று முடிவெடுத்தாலும் உங்களில் குறையில்லை. ஆனால் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 'ஊர் கதைக்கும்' என்று சொல்லாமல், 'எனக்கு இன்னும் ஏலாது, கொஞ்சம் பொறு' என்று உண்மையைச் சொல்லுங்கள். பலகை இல்லாவிட்டாலும் நீச்சலையாவது பழக விடுங்கள். கரையோரத்தில் பிறந்த பெண்ணுக்கு நீச்சல் விளையாட்டல்ல, எழுத்து வாசிப்பைப்போல அதுவும் ஓர் உரிமை.

உங்கள் ஊரில் கடலுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டிருந்தால், அதைத் திறக்க உங்கள் சங்கம் எடுத்த முயற்சியை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா